பைபிள் உறைக்குள் ஒரு போன்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் காலை பஸ்ஸில், பொட்டில்லாத நெற்றியும் தூக்கக் கண்களுமாக ஒரு நர்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்ததும் மடியிலிருந்த பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, முதலில் பைபிளை எடுத்தார். போன் அதற்கு அடியில் இருந்தது. பேசி முடித்ததும் மறுபடி அப்படியே வைத்து மூடினார்.

நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். “எனக்கு வாயைவிட கட்டைவிரல்தான் ஜாஸ்தி பாவம் பண்ணுதுங்க. கோவத்துல எதையாவது அனுப்பிடுறேன். இப்படி வச்சா, எடுக்கறதுக்குள்ள கர்த்தர் கொஞ்சம் நேரம் குடுக்கறாரு.”

என் போனில், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அக்காவைத் திட்டி டைப் செய்த பதில் அனுப்பத் தயாராக இருந்தது. என்னிடம் பைபிள் இல்லை. போனை டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன். மலை தெரிந்தபோது எடுத்து, பதிலை அழித்தேன்.

அக்கா வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த நர்ஸை நினைத்துக்கொள்கிறேன்.