சாரல் அடிக்காத படங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் குடியிருக்கும் மனை, எங்கள் அண்ணன் காலால் நடந்து பார்த்துக் கொடுத்தது. மீதிப்பேர் கைபேசியில் படம் பார்த்து வாங்கியவர்கள். இரண்டாவது கூட்டத்தில் நானும் உண்டு. ஆகவே, இங்கே எழுதுவதற்கு யாரும் தனியாகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் செங்கோட்டையில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி என்னைப் படிக்க வைத்தார். நான் பதிவுத்துறையில் எழுத்தராகச் சேர்ந்தேன்; அவர் தென்காசியில் ஓர் அறை பிடித்து நிலத்தரகர் ஆனார். குற்றாலத்தில் அருவி விழும் மாதங்களில் ஐந்தருவிப் பக்கம் எந்தக் கட்டாந்தரையும் சொர்க்கமாகத் தெரியும். மற்ற தரகர்கள் அப்போதுதான் விற்பார்கள். அண்ணன் ஒரே நிலத்தைச் சித்திரை வெயிலில் ஒருமுறை, ஆனிச் சாரலில் ஒருமுறை காட்டுவார். அதைச் சுற்றி நிலம் வைத்திருக்கும் நான்கு எல்லைக்காரர்களின் வீட்டுக்கும் போய்ப் பேசாமல் யாரையும் முன்பணம் கொடுக்க விடமாட்டார்.

பிறகு இணையதளங்கள் வந்தன. ‘தரகர் இல்லை, நேரடி விற்பனை’ என்று பெருமையாகப் போட்டுக்கொண்டன. நிலத்தை மிதித்தே பார்க்காதவன் எல்லாம் நிலம் விற்றான். அண்ணனின் அறைக்கு ஆள் வருவது நின்றது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நம் மருமகப் பிள்ளை ஒருவர் அவரைச் சீண்டினார்.

“மாமா, இனி தரகருக்கு என்ன சோலி? ஓனரே படத்தப் போடுதாரு, நேரா பேசி முடிச்சிருதோம்.”

“அந்தப் படத்துல சாரல் அடிக்குமாலே?”

“வீடியோவும் உண்டு மாமா!”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த பங்குனியில் என் மகள் வீடு கட்டுவதற்காகக் குத்துக்கல்வலசையில் ஒரு மனையை இணையத்தில் பிடித்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் “சாரல் வரட்டும்” என்பார். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துச் சரிபார்த்தேன். ஒரு குறை இல்லை. ஆனியில் மேற்கே குளம் பெருகியது. மகள் தோண்டிய அஸ்திவாரத்தின் வழியாகத் தண்ணீர் ஓடியது. மழைக்கு மழை அதுதான் அதன் வழி. எந்தச் சான்றிலும் அது எழுதப்படவில்லை.

மகள் அழுதது அண்ணன் காதுக்குப் போயிற்று. அப்போது அவருக்கு மூச்சு வாங்கும்; வெளியே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மதினி தடுத்தும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். தண்ணீருக்குள் இறங்கி எல்லை நெடுக நடந்தார். நேராகக் கிழக்கு எல்லைக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். அவர் நெல் போடுகிறவர்.

“அண்ணாச்சி, இந்தத் தாழ்ந்த இடம் ஒமக்கு நெல்லுக்கு ஆகும். ரோட்டோரம் ஒம்ம மேட்டுல அதே அளவு பிள்ளைக்குத் தாரும்.”

“நீரு கேட்டு மாட்டேம்னா சொல்லப்போறேன்? ஒம்ம தம்பி வாங்குததுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா, தண்ணி வார எடம்னு அப்பமே சொல்லிருப்பனே.”

இரண்டு இடங்களை மாற்றிக்கொள்ளப் பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒரு வகை உண்டு. பணியிலிருந்த காலத்தில் எத்தனையோ பதிந்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. திரும்பும் வழியில் அண்ணன் ஒன்றுதான் சொன்னார்:

“ஆபீஸ்ல இருந்தவம்லா நீ. ஒங்கிட்ட பேப்பர்தான் பேசும்.”

பத்திரம் பதிவதற்கு முன் அண்ணன் மறைந்தார்.

கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், கண் மூடாமல் பக்கத்திலிருந்த மதினிக்கும், கொடுத்த வாக்கை மாற்றாத கிழக்கு எல்லைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த இணையதளத்துக்கு நன்றி இல்லை. ‘உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று அது எனக்கு இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மகளின் புதுப் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுத வேண்டியிருந்தது. இந்த முறை கணினியைத் திறக்கவில்லை. அடைமழையில் நடந்தே போனேன். வடக்கு எல்லைக்காரர் கதவைப் பாதி திறந்து, யார் என்று கேட்டார். முப்பது வருடப் பணியையும் பதவியையும் சொன்னேன். கதவு அப்படியே நின்றது. அண்ணன் பெயரைச் சொன்னேன்.

“தரகர் அண்ணாச்சிக்குத் தம்பியா? அத மொதல்ல சொல்லப்படாதா! நனையாம உள்ள வாங்க.”