ஐந்தாவது லிட்டர்

எங்கள் தெருக்கோடியில் கியர்பெட்டி மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எஞ்சின் என்றால் பக்கத்துக் கடையைக் கை காட்டுவார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய மனைவிக்கே யோசித்தால்தான் வரும். ஊர் அவரை லிட்டர் என்று அழைக்கிறது. ஐம்பத்திரண்டு வயது, சிரித்தால் உதிரிபாகம் ஏதும் கழன்றுவிடுமோ என்று அஞ்சுகிற முகம்.

பெயருக்குக் காரணம் அவருடைய விதி. ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பெட்டியிலிருந்து எவ்வளவு எண்ணெய் வடிகிறதோ, அவ்வளவுதான் திரும்ப உள்ளே போகவேண்டும். கோடு போட்ட ஜாடியில் பிடித்து அளப்பார். பிறகு அதைப் பாட்டிலில் ஊற்றி, வண்டி எண்ணும் தேதியும் அளவும் ஒட்டி அலமாரியில் வைப்பார். எப்போது மாற்றவேண்டும் என்று கேட்டால் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டுவார். சிவப்பு என்றால் போய் வரலாம். பழுப்பு என்றால் வண்டியை விட்டுவிட்டுப் போகவேண்டும். கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால், உரிமையாளரை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்.

பதினெட்டு வருடத்தில் அலமாரி ஒரு சுவரையே விழுங்கிவிட்டது. மூன்று மணி வெயில் அந்தப் பாட்டில்களுக்குள் நுழைந்து எதிர்ச்சுவரில் சிவப்பும் கறுப்புமாகப் படியும். அந்த நேரத்தில் கடைக்குள் உட்கார்ந்தவர் எவரும் இல்லை. மனைவி ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஜாடியில் என்னென்னமோ மிதந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரம் வாசலோடு நிற்கிறது.

மனைவியின் தம்பி, சவப்பெட்டி செய்யும் அம்மாளிடம் பிக்கப் ஓட்டுகிறான். ஊரின் கடைசிப் பயணத்துக்கு அது ஒன்றுதான் வண்டி. கல்லறைக்குப் போகும் சாலை நீண்ட ஏற்றம். பெட்டி வண்டியில், சொந்தபந்தம் பின்னால் நடை. பல வருடங்களாக யாரும் குறை சொன்னதில்லை. பயணிகள் தரப்பில் நிச்சயமாக இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. எஞ்சின் இரைந்தது, சக்கரம் அசையவில்லை. பிறகு, உள்ளே யாரோ யோசித்து முடிவெடுத்ததுபோல, மெல்லப் பின்னோக்கி உருண்டது. பெட்டிக்குள் இருந்தவர் தன் வாழ்நாளில் மகன்களை ஒரு வேலைக்கும் ஓட வைக்க முடியாதவர். அன்று ஓடினார்கள். மச்சினன் பிரேக்கின் மேல் ஏறி நிற்காத குறையாக மிதித்தபோது, கடைசியாக நின்றிருந்த பெரியவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி.

அடுத்த ஊர்வலம் சனிக்கிழமை நான்கு மணிக்கு. நடக்கப்போகிறவர்கள் நாற்பது பேர், குழந்தை குட்டிகளோடு. வண்டி மறுபடி உருண்டால் பெட்டிக்கார அம்மாளுக்கு ஒரே நாளில் ஏகப்பட்ட ஆர்டர் வரும். அந்த அம்மாள் அப்படி வியாபாரம் பெருக்க விரும்புகிறவர் அல்ல. வண்டி புதன்கிழமையே லிட்டரின் கடைக்கு வந்துவிட்டது.

மச்சினன் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகத்தான் பேசினான்.

"மாமா, இது எண்ணெய்க் கோளாறு இல்ல. பின்னாடி பெட்டியில வர்றவங்க கோளாறு."

போன மாதம்தானே எண்ணெய் மாற்றினேன் என்றார் லிட்டர்.

"அதுக்கப்புறம்தான் முரண்டு பிடிக்குது. இன்னொண்ணு கேளுங்க. ரேடியேட்டர்ல தண்ணி ஊத்த ஊத்தக் குறையுது. கீழ ஒரு சொட்டு ஒழுகல. அப்ப யாரு குடிக்கிறா?"

"யாரு?"

"அவங்களுக்குத் தாகம் எடுக்காதா மாமா?"

லிட்டர் வண்டியைச் சமதரையில் நிறுத்தச் சொன்னார். சூடான எண்ணெய்தான் அடிமண்டியோடு இறங்கும் என்பதால் எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு அணைக்கச் சொன்னார். அடியில் படுத்து, ஜாடியை வைத்து, வடிகுழாய் ஆணியைத் திருகினார்.

சிவப்பாக வரவேண்டியது ரோஜா நிறத்தில், பாலாடை போலக் கொழகொழவென்று இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு லிட்டர் கோடு மூழ்கியது. ஐந்து மூழ்கியது. ஆறில் நின்றது. லிட்டர் அடியிலேயே படுத்திருந்தார். போட்டது ஐந்து, வந்தது ஆறு. பதினெட்டு வருடத்தில் எந்த வண்டியும் அவருக்கு வட்டி கொடுத்ததில்லை.

எழுந்து அலமாரிக்குப் போனார். வெயில் அப்போதுதான் பாட்டில்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த பிக்கப்புக்கு நான்கு பாட்டில்கள் இருந்தன. முதல் மூன்றின் சீட்டிலும் நாலு. போன மாதத்துச் சீட்டில், அவருடைய கையெழுத்திலேயே, ஐந்து.

அந்தப் பாட்டில் ஒரு மாதமாக யாரும் தொடாமல் நின்றதில் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே வெளிறிய எண்ணெய். அடியில், அசையாமல், ரேடியேட்டரில் ஊற்றுகிற அதே பச்சை நிறத் தண்ணீர்.

கியர்பெட்டி எண்ணெய் சூடு ஆற ரேடியேட்டருக்குள் ஒரு குழாயில் ஓடித் திரும்பும். அந்தக் குழாயில் ஊசித்துளை விழுந்திருந்தது. தாகம் எடுத்தது கியர்பெட்டிக்கு. போன மாதம் வேலை நடந்த அன்று ராத்திரி கரண்ட் இல்லை. நிறம் பார்க்க முடியவில்லை. நிறம் போனால் போகிறது, அளவு இருக்கிறதே, விதி இருக்கிறதே என்று வந்த ஐந்தையும் கணக்குப் பிசகாமல் புது எண்ணெயாகத் திருப்பி ஊற்றியிருக்கிறார். நாலு கொள்ளும் இடத்தில் ஐந்து; அதன்மேல் தண்ணீர் வேறு. எண்ணெய் நுரைத்து, பிடிப்பு விட்டு, வண்டி வழுக்கியது.

லிட்டர் வாசலுக்கு வந்தார்.

"பேய் இல்ல மாப்ள. நான்தான்."

மச்சினன் ஜன்னல் கண்ணாடியைப் பாதி ஏற்றினான். அந்த வெயிலில், சிவப்புச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு மனிதர் அப்படிச் சொன்னால் யாரும் ஏற்றத்தான் செய்வார்கள்.

ரேடியேட்டர் புதிதாக வந்தது. அடித்தட்டைக் கழற்றிக் கழுவி, சல்லடையை மாற்றி, மூன்று தடவை வடித்து மூன்று தடவை நிரப்பினார். ஒவ்வொரு தடவையும் எஞ்சினை ஓடவிட்டு, கியர் கம்பியை எல்லா இடத்துக்கும் நகர்த்தி, அளவுகோல் குச்சியின் கோட்டைப் பார்த்துத்தான் மூடினார். ஜாடியைப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை துணியில் விழுந்த சொட்டு சுத்தச் சிவப்பு. ஆனால் கியர்பெட்டிக்குள் பிடிப்புக் கொடுக்கிற தட்டுகள் தண்ணீரில் ஊறியிருந்தன; அவற்றின் பூச்சு எப்போது உரியும் என்று குச்சி சொல்லாது. அதை அம்மாளிடம் மறைக்காமல் சொல்லி, புதுத் தட்டுக்கும் எழுதிப் போட்டார். சனிக்கிழமை காலையில் மணல்மூட்டை ஏற்றி ஏற்றத்தில் மூன்று தடவை ஓட்டினார்கள். வண்டி வாயைத் திறக்கவில்லை.

நான்கு மணிக்கு நாற்பது பேரும் முப்பதடி தள்ளித்தான் நடந்தார்கள். வண்டியைத் தொட்டுவிடும் தூரத்தில் நடந்தவர் ஒருவர் மட்டும். செய்தவன்தான் முதலில் நிற்கவேண்டும் என்று லிட்டர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மனைவி நல்ல சட்டையாகப் போட்டு அனுப்பினார்.

பாதி ஏற்றத்தில், அதே இடத்தில், வண்டி நின்றது.

பின்னால் காலடிச் சத்தம் அடங்கியது. லிட்டர் நகரவில்லை. வண்டியும் நகரவில்லை, ஒரு விரற்கடைகூட. எவ்வளவு நேரம் என்று அவர் அளக்கவில்லை. பிறகு அது தானாக மேலே ஏறியது.

மேலே போனதும் மச்சினன் அவரைத் தனியாக இழுத்தான்.

"பிரேக்ல நான் கால் வைக்கவே இல்ல மாமா."

எண்ணெய் சுத்தமாக இருந்தால் எஞ்சினின் இழுப்பே ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று லிட்டர் விளக்கினார். அது உண்மைதான்.

"சரி. ஆனா ஆக்சிலேட்டர்ல இருந்தும் நான் காலை எடுக்கல."

அதற்குள் இறந்தவரின் அக்கா வந்து லிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பேரில் நீங்கள் ஒருவர்தான் ஒட்டி நடந்தீர்கள், தம்பிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். இறந்தவரை லிட்டர் பார்த்ததே இல்லை. ரொம்ப நெருக்கம் என்றார்.

தட்டுகள் இரண்டு மாதத்தில் மாற்றியாகிவிட்டன. இன்றும் அந்த ஏற்றத்தில் யார் பெட்டி போனாலும், லிட்டர் கடையை மூடிவிட்டு, ஒரு கை தூரத்தில், பின்னாலேயே நடக்கிறார்.