அடங்கிய இருமல்

இருமலைக் கேட்டு மகிழ்ந்த மருத்துவர் ஒருவரை என் வாழ்நாளில் சென்ற ஆண்டுதான் கண்டேன். என் மகன் வெண்சுருட்டுப் பழக்கத்தை விட்டொழித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. புகைத்த காலத்தில் காலையில் ஒருமுறை கனைத்துக்கொள்வதோடு சரி. விட்ட பிறகோ வீடே அதிர இருமினான். மருமகள் அஞ்சிப்போய் அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். நானும் உடன் சென்றேன். மருத்துவர், என் பழைய மாணவி எவருக்கேனும் மகளாக இருக்கத்தக்க வயதினர், கணினித் திரையில் மார்புப் படத்தைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

"படம் சுத்தமா இருக்கும்மா. இருமட்டும் விடுங்க. இத்தனை வருஷம் புகை அதை வாயே தொறக்க விடல. இப்பத்தான் பேசுது."

மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகள் அடர்ந்திருக்கின்றனவாம். உள்ளே புகும் தூசியையும் சளியையும் ஓயாது மேல்நோக்கித் தள்ளுவதே அவற்றின் பணி. புகை அவற்றை மயக்கிக் கிடத்திவிடுகிறது. புகை நின்றதும் அவை மெல்ல விழித்தெழுந்து, ஆண்டுக்கணக்கில் தேங்கிய அழுக்கை வெளியேற்றத் தொடங்குகின்றன. எல்லார்க்கும் இவ்வாறு நேர்வதில்லை. நேர்ந்தால் அந்தத் துப்புரவு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றார். பிறகு என் மகனை நோக்கி விரலை ஆட்டினார்.

"நடுவுல ஒண்ணு பத்த வெச்சீங்கன்னா இருமல் கம்முனு ஆயிடும் சார். ஆகா, இதுதான் மருந்துன்னு நெனச்சுடாதீங்க. அது திரும்பத் தூங்கப் போயிடுச்சுன்னு அர்த்தம்."

மகன் சிரித்தான். மருமகள் பெருமூச்சு விட்டாள். குடும்பத்தில் வேறு எவருக்கேனும் மார்பு நோய் உண்டா என்று மருத்துவர் வினவியபோது, என் தந்தைக்கு இருந்தது என்றும், இறுதி ஆண்டுகளில் கட்டிலிலிருந்து வாசற்படிவரை நடப்பதற்குள் இருமுறை உட்கார வேண்டியவரானார் என்றும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அறையில் வெட்கப்படுவதற்குக் காரணம் உடையவள் நான் ஒருத்திதான்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கன்னட நாட்டின் ஆஸ்டின் டவுனில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுள் ஒன்றில் அப்பா, அம்மா, அக்கா, நான் ஆகிய நால்வரும் குடியிருந்தோம். அப்பா தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பொறியை இயக்குபவர். வெண்சுருட்டு என்னும் சொல்லைப் பிற்காலத்தில் எத்தனையோ மாணவியர்க்குக் கற்பித்தேன். எங்கள் வீட்டில் அது சிகரெட்டுதான், அதைப் புகைப்பதற்குக் குடிப்பது என்று பெயர். அப்பா நாள் முழுதும் குடித்தார். அக்காவுக்கு வரன் எதுவும் அமையாமல் தட்டிப்போய்க்கொண்டே இருந்த காலம் அது. அவ்வாண்டு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பற் சிலுவையோடு கோயிலிலிருந்து திரும்பியவர், சட்டைப்பையில் இருந்த பெட்டியை எடுத்து மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தார்.

"என் பெரிய பொண்ணுக்கு நல்ல எடமா அமைச்சுக் குடு தாயே. இனி இதை நான் தொடமாட்டேன்."

மாதா ஏற்றுக்கொண்டாரோ இல்லையோ, அம்மா உடனே ஏற்றுக்கொண்டார். நேர்ச்சையின் ஈரம் காயுமுன் பெட்டியை எடுத்துப்போய் அடுப்பில் இட்டுவிட்டார்.

தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் இருமல் தொடங்கியது. அதற்கு முன் அவர் இருமியதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கதவைத் தட்டும் ஓசை, இது கதவை உடைக்கும் ஓசை. விடியலில் கொல்லைக் குழாயடியில் குனிந்து நின்று, கருமை கலந்த சளியைத் துப்பித் துப்பித் தண்ணீர் ஊற்றுவார். அக்கம்பக்கத்துச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன்.

அவர் திருட்டுத்தனமாகப் புகைக்கிறார் என்று அம்மா முடிவு கட்டினார்.

"உங்கப்பா சட்டையை மோந்து பாருடி. எனக்கு மூக்கு அடைச்சிருக்கு."

அம்மாவின் மூக்கு நன்றாகத்தான் இருந்தது. கணவரைச் சந்தேகிக்கும் வேலையைத் தாமே செய்ய மனம் ஒப்பவில்லை. நான் மோந்து பார்த்தேன்.

"எண்ணெ வாசனைதாம்மா வருது. மெசினு எண்ணெ."

அம்மா நம்பவில்லை. நாள்தோறும் மோந்தேன், நாள்தோறும் பொறியெண்ணெயின் வாசனைதான். அப்பா தம் சொல்லைக் காத்துவருகிறார் என்பதற்கு அந்த வீட்டில் நான்தான் ஒரே சான்று. அதனால் எனக்குப் பெருமை உண்டாகவில்லை. புகைக்காமலே இப்படி இருமுகிறார் என்றால் அது வேறு ஏதோ ஒன்று என்பது பத்து வயதிலும் தெரிந்தது. அவர் சட்டையில் புகைநாற்றம் வீசாதா என்று ஏங்கினேன்.

இருமலைத் தவிர வேறு சிலவும் அந்நாட்களில் நேர்ந்தன. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கையை நிறுத்தி, "ரசத்துல என்ன, பெருங்காயம் ஜாஸ்தியா?" என்றார். "கல்யாணமான நாள்லருந்து இதே பெருங்காயம், இதே ரசம். இப்பத்தான் உங்களுக்குத் தெரியுதாக்கும்" என்று அம்மா வெடுக்கென்று சொன்னார். எங்கள் தெருவுக்குத் திரும்பும் ஏற்றத்தில் வழக்கமாக மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருபவர், ஒரு மாலை என்னைப் பின்னால் அமர்த்தியபடியே மிதித்து ஏறிவிட்டார். ஏறியதும் இருமல் வந்தது. நான் இருமலைத்தான் கவனித்தேன்.

ஞாயிறுதோறும் என் வேதனை உச்சத்தை எட்டும். அந்நாளில் பூசை இலத்தீனில். குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சிறுமணி ஒலித்து ஓய்ந்தபின் கோயில் முழுதும் மூச்சடங்கி நிற்கும். அந்த அமைதிக்காகவே காத்திருந்ததுபோல் அப்பாவின் மார்பு பொங்கும். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு வெளியே ஓடுவார்; வெளியிலிருந்தும் கேட்கும். பெண்கள் பக்கத்தில் எங்கள் இருக்கைக்கு முன்னும் பின்னும் தலைகள் திரும்பும். பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் பள்ளியில் ஒருத்தி கேட்டாள்:

"கோயில்ல இருமறாரே, அவருதான உங்கப்பா?"

"இல்ல. அது எங்க பக்கத்து வீட்டு மாமா" என்றேன். சற்றும் தயங்காமல் சொன்னேன் என்பதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது.

நாங்கள் வேண்டியபடியே வரன் வந்தது. அம்மாவின் தமக்கையாகிய பெரியம்மா கொண்டுவந்தார். மாப்பிள்ளை அஞ்சலகத்தில் எழுத்தர். உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறன்று பெண் பார்க்க வருவார்கள். செய்தி சொல்ல எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்த பெரியம்மா, எல்லார்க்கும் பித்தளைத் தம்ளரில் காப்பி கொடுத்து, அப்பாவுக்கு மட்டும் கண்ணாடித் தம்ளரில் கொடுத்தார். அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குடித்து முடித்ததும் தாமே எழுந்துபோய்க் கழுவி, மற்றவற்றோடு சேராமல் தனியே கவிழ்த்து வைத்தார். அவர் அப்பால் சென்றதும் பெரியம்மா தாழ்ந்த குரலில் அம்மாவிடம் சொன்னார்:

"கோவிச்சுக்காதே. மாப்பிள்ளையோட அம்மா லேசுப்பட்டவ இல்ல. தங்கவயல் சொரங்கத்துல கூடப்பொறந்த தம்பியை நெஞ்சு வியாதிக்கு வாரிக் குடுத்தவ. இருமலைக் காதால கேட்டே எந்த வியாதின்னு சொல்லிடுவா. டிபி வீட்டுல பொண்ணு எடுப்பாளா?"

"எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாம்னா, அங்க போய் நின்னாலே தெரு பூரா தெரிஞ்சுடுமேக்கா."

"அதனாலதான் சொல்றேன், எங்கயும் போவாதீங்க."

குறித்த ஞாயிறு வந்தது. அன்று பார்த்து அப்பாவுக்குக் காலையிலிருந்தே இருமல் ஓயவில்லை. மிளகுப்பால், அதிமதுரம், தேன் எதற்கும் அது இணங்கவில்லை. நண்பகலில் பெரியம்மா வந்து நிலைமையைக் கண்டு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளுத்த சட்டை அணிந்து தயாராக நின்ற அப்பா, சற்று இருமல் தணிந்த இடைவெளியில் சொன்னார்:

"நான் வேணும்னா பேக்டரிக்குப் போயிடறேன். அவசர டூட்டின்னு சொல்லிடுங்க."

உள்ளறையில் தலை பின்னிக்கொண்டிருந்த அக்கா பாதிப் பின்னலோடு வெளியே வந்தாள். "அப்பா இல்லன்னா நானும் காப்பி எடுத்துட்டு வரமாட்டேன். சொல்லிட்டேன்."

"ஆமா, ரெண்டு பேரும் ஓடிப்போயிடுங்க. நானும் உங்க அம்மாவும் மாலை மாத்திக்கறோம்" என்றார் பெரியம்மா. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்து, "இந்தச் சனியனை விட்டதுலருந்துதானே இந்தக் கூத்து. ஒடம்புக்குப் பழகினதைத் திடீர்னு நிறுத்தினா அது சும்மா இருக்குமா? ஒண்ணே ஒண்ணு குடிக்கச் சொல்லு. நெஞ்சு அடங்கும்" என்றார்.

அப்பா மாதா சுரூபத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். யாருக்காக நேர்ந்துகொண்டாரோ அவள் பாதிப் பின்னலோடு எதிரே நின்றாள். அம்மா, கேட்பதற்கே கூசிய குரலில், "ஒண்ணே ஒண்ணுதாங்க. அவங்க போற வரைக்கும்" என்றார். அம்மா என் கையில் காசைத் திணித்தார்.

நான் ஓடினேன். துயரத்தோடு ஓடியதாக எழுத என் கை ஆசைப்படுகிறது. உண்மையில் துள்ளிக்கொண்டு ஓடினேன். முனைக்கடைக்காரர், "ஏன் பாப்பா, அப்பா பிட்டுட்டாருன்னு சொன்னாங்களே" என்று தம் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "விட்டுட்டாரு. இது மருந்துக்கு" என்றேன். அவர் சிரித்தார்.

கொல்லையில் துவைகல்லின் மேல் அமர்ந்து அப்பா பற்றவைத்தார். தீக்குச்சி ஒன்று வீணாயிற்று. முதல் இழுப்பில் ஒரு பெரும் இருமல் எழுந்தது; கண்களில் நீர் பெருகியது. அதன்பின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஓசை இறங்கிக்கொண்டே வந்தது. நான் கதவருகே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கடைசியில் ஒன்றுமே இல்லை. அம்மா இரண்டு கிராம்புகளைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வந்தவர்கள் மாலைவரை இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் உயரமான, குறைவாகப் பேசும் அம்மையார். பேச்சுக்கிடையில் அவர் பார்வை அடிக்கடி அப்பாவின் மார்பில் போய் நின்றதை நான் கண்டேன், அம்மாவும் கண்டார். அப்பா பேசினார், இடறாத, ஆழ்ந்த குரல். பல வாரங்களுக்குப் பின் அவருடைய சொற்றொடர்கள் முழுதாக முடிந்தன. "உங்க வீட்டுக்காரருக்கு நல்ல கணீர்னு குரலு" என்றார் அந்த அம்மையார், எழும்போது. பெரியம்மா மேலே பார்த்துச் சிலுவை வரைந்துகொண்டார்.

அவர்கள் எழுவதற்கு முன் ஒன்று நடந்தது. மாப்பிள்ளையின் தந்தையார், "ஆம்பளைங்க கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரோம்" என்று அப்பாவை வாசலுக்கு அழைத்துப்போய், தம் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"எடுங்க சம்பந்தி."

அச்சொல்லை முதன்முதலாக அவர்தாம் சொன்னார். சம்பந்தி என்றழைத்தவரின் கையை எப்படித் தள்ளுவது? அப்பா எடுத்துக்கொண்டார். ஒரே தீக்குச்சியில் இரண்டும் பற்றின. அக்காவின் திருமணம் அந்தப் புகையில்தான் உறுதியாயிற்று. அதன்பின் அப்பா சிகரெட்டை விட முயன்றதில்லை. விடும்படி நாங்களும் சொன்னதில்லை. விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் கண்ணால் கண்டுவிட்டோமே.

அந்த வாரத்துச் சனிக்கிழமை மாலை அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றார். என்னையும் உடன் அழைத்துப்போனார். குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டுவிட்டு வந்தவர், மாதா பீடத்தின் முன் முழந்தாளிட்டார். நெடுநேரமாகியும் எழவில்லை. மாதாவுக்குத் தந்த வாக்கை முறித்தது ஒன்றே அவர் அறிந்த பாவம். அன்று துவைகல்லின் மேல் எதை அணைத்தோம் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கோயிலில் பேரமைதி. பள்ளியில் என்னைக் கேள்வி கேட்டவளும் தன் தாயோடு அங்கே அமர்ந்திருந்தாள். நான் எழுந்து, அவள் பார்க்கும்படியாகப் பீடத்துக்கு நடந்து, என் தந்தையின் பக்கத்தில் நெருங்கி முழந்தாளிட்டேன். அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. இருமல்தான் வரப்போகிறதோ என்று அஞ்சி மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. அப்படியானால் மகிழ்ச்சியால் குலுங்குகிறார், நன்றி செலுத்துகிறார் என்று முடிவு செய்து நானும் கைகுவித்து, பின்வரிசைக்கும் கேட்கும் குரலில், "எங்கப்பாவைச் சொகமாக்கினதுக்கு நன்றி, மாதாவே" என்றேன்.

அப்பா கலங்கிய கண்களோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஈரமான கையால் என் தலைமுக்காட்டை மெல்ல இழுத்துச் சரிசெய்தார். நான் சொன்னதில் எது அவரை அப்படிப் பார்க்கச் செய்தது என்று எனக்கு விளங்கவில்லை. குரல் போதவில்லை போலும் என்று எண்ணி, அதையே மறுபடியும் இன்னும் உரக்கச் சொன்னேன்.