கரும்புக்காட்டில் நின்ற பஸ்

பிஜித் தீவுக்கு நாங்கள் போனது கம்பெனி வேலையாக. நானும், கூட வேலை செய்யும் நண்பனும். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். வடக்கத்திப் பிள்ளைகளோடு விளையாடியதில் ஓட்டை இந்தி கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நண்பன் பட்டாபிராம்காரன். இந்தி சுத்தமாக வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினோம். டாக்ஸி வேண்டாம், ஊர் ஜனம் போகிற பஸ்ஸில் போகலாம் என்றது நான்தான். அங்கே பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இறக்கிவிட ஒரு தார்ப்பாய்ச் சுருள், அவ்வளவுதான். டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தார். நான் படியேறியதும் என் முகத்தைப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார்.

உட்கார்ந்தோம். முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து ஒருவர் என் தோளில் கைவைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“இன்னா மச்சான், அல்லாரும் உன்னியே பாத்துகினு கீறாங்கோ?” என்றான் நண்பன், காதோடு.

“வெளியூர்க்காரன்னு பாக்கறாங்கடா.”

“நானுந்தான் வெளியூரு. என்னிய ஒருத்தனும் பாக்கலியே.”

ஊர் முடிந்து இருபுறமும் கரும்பு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் பஸ் நின்றது. மணிக்கயிற்றை யாரும் இழுக்கவில்லை. ஊரும் இல்லை, கடையும் இல்லை. ஒரு தகரத் தபால்பெட்டி, பக்கத்தில் கரும்புக்குள் போகிற மண்பாதை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பியிருந்தன.

“உன் வீடு வந்துவிட்டது,” என்றாள் அந்த அம்மாள், அவர்கள் ஊர் இந்தியில். நான் போகவேண்டியது இன்னும் தூரம் என்றேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. நான் இறங்க வழிவிடுவதுபோல சீட்டுகளுக்கு நடுவே வைத்திருந்த கூடையை இழுத்துக்கொண்டாள்.

நண்பன் என் சட்டையைப் பிடித்தான். “எறங்காத. உக்காரு.”

நான் இறங்கினேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அத்தனை பேர் பொறுமையாகக் காத்திருந்தார்கள், அதனாலாகவும் இருக்கலாம். திட்டிக்கொண்டே அவனும் இறங்கினான்.

பாதையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. காற்றே இல்லை. தோகைகள் மட்டும் உரசிக்கொண்டிருந்தன. பாதை முடிந்த இடத்தில் ஒரு தகரக்கூரை வீடு. வாசலில் என் வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். எங்களைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை.

“வா,” என்றாள், தமிழில். உள்ளே போய் சொம்பை நீட்டி, “தண்ணி,” என்றாள். கரும்பு வெட்ட வந்த பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டில் மிஞ்சிய தமிழ் அந்த இரண்டு வார்த்தைதான். மற்றதை இந்தியில் சொன்னாள். அவள் தம்பி தினமும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருவான். ஒரு வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த இடத்தில் பஸ் நின்றது இன்றைக்குத்தான்.

சுவரில் மாலை போட்ட படம். அவள் சொன்னதை நண்பனுக்குத் தமிழில் சொன்னேன். அவன் படத்தின் அருகே போய்ப் பார்த்தான்.

“இன்னா இது? உன் மூஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியே.”

உண்மைதான். படத்தில் இருந்தவன் ஒல்லி, சுருட்டை முடி. நான் குண்டு, முன்வழுக்கை, கண்ணாடி வேறு. நான் அவன் ஜாடையில் இல்லையே என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

“தெரியும். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ,” என்றாள்.

உள்ளறையில் கட்டிலில் கிடந்த கிழவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் கை ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

“சாப்ட்டியா?”

தெளிவான தமிழ். என்னை அறியாமல், “சாப்ட்டேம்மா,” என்றேன். அவள் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: “அம்மா என்ன கேட்டாள்? அது என்ன வார்த்தை? நான் கேட்டதே இல்லையே.”

சாலைக்கு வந்து காத்திருந்தோம். அதே பஸ் திரும்பி வந்தது. “டூரிஸ்டா? எந்த நாடு?” என்று டிரைவர் சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டார். பாட்டு அலறியது. எங்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நண்பன் மட்டும் என் பக்கத்தில் உட்காராமல் எதிர்ச்சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அண்ணனூரில் ஃபிளாட். காலை லோக்கல் ரயிலில் அவன் பட்டாபிராமிலிருந்து எனக்கு இடம் போட்டுக்கொண்டு வருவான். ஊர்க்கதையெல்லாம் பேசுவான், பிஜி பேச்சை மட்டும் எடுக்க மாட்டான். போன வாரம் விடாமல் கேட்டேன்.

“உடு மச்சான்,” என்றான். அம்பத்தூர் தாண்டிய பிறகு அவனே ஆரம்பித்தான். “அந்த ஊட்ல நான் கதவாண்ட நின்னுகினு இருந்தேன். சாப்ட்டேம்மான்னு சொன்னியே…”

“ஆமா.”

“அது உன் கொரலு இல்ல.”