நின்ற தறிகளை இரண்டால் பெருக்கினேன்

காய்ச்சல் கண்டவர்களை நான் காதால் எண்ணினேன். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இரண்டாயிரங்களின் நடுவில் சிக்குன்குனியா எங்கள் ஊருக்கு வந்தபோது தெருத் தெருவாக அந்தச் சத்தம் அடங்கியது. மழைக்கு முன்பே தொடங்கிய காய்ச்சல் பொங்கல் கழிந்த பிறகும் சில தெருக்களை விடவில்லை.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். ஊரிலேயே செய்தி எழுதும் பெண் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கருடசேவைக் கூட்டமாக இருந்தாலும் தாமல் ஏரி நிரம்பிய செய்தியாக இருந்தாலும் கையால் எழுதி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் நடத்திவந்த டெலிபோன் பூத்திலிருந்து சென்னைக்கு ஃபேக்ஸ் அனுப்புவேன். பாய்க்கு என் வயதுதான் இருக்கும். அனுப்புவதற்கு முன் முழுவதையும் படித்துவிடுவார். கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அந்த நாட்களில் ஊரில் எங்கே நான்கு பேர் நின்றாலும் எண்ணிக்கைச் சண்டைதான். அரசாங்கம் ஒரு எண் சொல்லும். அது ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பி, முடிவு வந்தவர்களின் எண் மட்டும். அதைப் படித்தால் ஊரில் காய்ச்சலே இல்லையோ என்று தோன்றும். மாலைப் பத்திரிகை ஒரு எண் போடும். அதைப் படித்தால் ஊரில் ஆளே மிச்சமில்லையோ என்று தோன்றும். டிவிக்காரர்கள் சொல்வது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும்.

"இன்னாக்கா இது, ஒரே ஊருக்கு மூணு கணக்கு. இதுல எந்த ஊர்லக்கா நாம இருக்கோம்?" என்றார் பாய்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நெசவுக்காரர் வீட்டுப் பெண், என் ஊர்க் கணக்கை நானே எடுக்கிறேன் என்று கிளம்பினேன். எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களில் இரண்டு காலை நடந்தேன். சத்தம் வராத வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பேன். தறி நிற்கிறது என்று தெரிந்ததும் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு நடப்பேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பக்கம் பெரும்பாலும் கோர்வைப் புடவைதான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதை ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. நெய்பவர் நடுவில் உட்காருவார். அவருக்கு வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியுமாக உட்காருவார்கள். ஒரு தறிக்கு இரண்டு பேர் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் நின்ற தறிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினேன். நூறைத் தாண்டியது. வெளியூர் நிருபராக இருந்தால் இந்தக் கணக்கு தெரிந்திருக்குமா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஃபேக்ஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாய் கேட்டார். "வூடு வூடா கேட்டியாக்கா?"

"கேக்கணுமா பாய்? அதான் தறியே சொல்லுதே."

"சபாஷ்," என்றார். கிண்டல்தான். ஆனால் அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை செய்தி வந்தது. உள்ளூர்ப் பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில். 'நான்கே தெருக்களில் நூறு பேரை முடக்கிய காய்ச்சல்' என்று சென்னையில் தலைப்பு போட்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு பிரதி வாங்கினேன். ஒன்றை அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அண்ணன் டிசைன் அட்டை குத்துபவர். புடவையில் வரவேண்டிய மயிலையும் யானையையும் கட்டம் கட்டமாக அட்டையில் துளை போட்டுத் தருவார். தறிக்குழியில் காலை விட்டு மிதிப்பதற்கு அவரால் முடியாது. மூன்று வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு, "பரவால்லமா, மொதப் பக்கம்லாம் வந்துட்டே," என்றார். அந்தப் பெருமை முழுதாக அரை நாள்கூட நீடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். எங்கள் பின்தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்தவள், என்னைவிடச் சின்னவள், இரண்டு வயதுப் பெண் குழந்தை இடுப்பில் இருந்தது.

"இன்னாக்கா, எனக்கு ஜொரம்னு பேப்பர்ல போட்டுக்கினு இருக்கியாமே?"

உன் பெயரையே போடவில்லையே என்றேன்.

"பேரு எதுக்கு? எங்க வூட்டுத் தறிய எட்டிப் பாத்துட்டு கோடு போட்டியா இல்லியா? ஜொரம் அவருக்குதான். அவரு பட்த்துக்கினாருன்னா நான் மட்டும் ஒக்காந்து இன்னா பண்றது? தறி நின்னுச்சு. எனுக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கறேன். பக்கத்து வூட்ல பாவு நூல் முடிஞ்சி நாலு நாளா தறி சும்மா நிக்குது. அங்க யாருக்கும் ஜொரமே இல்ல. அதுங்களையும் சேத்துட்டியா?"

இரண்டு பேரில் ஒருவர் படுத்தாலே தறி நின்றுவிடும். அதுவும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறேன். அவள் அதோடு விடவில்லை.

"போன தபா சொட்டு மருந்து குட்த்தாங்க. அப்பறம்தான் இந்த ஜொரம் வந்துச்சு. கொசுன்னா பத்துப் பேருக்கு வரும். நாலு தெருவுல நூறு பேருக்கு வருமா? மருந்துலதான் இன்னாவோ இருக்குது. எங்க தெருவுல அல்லாரும் பேசிக்கினோம். வர்ற ஞாயித்துக்கெழம எவளும் புள்ளைய எட்த்துக்கினு போப்போறதில்ல. நீதான எழுதினே, நூறுன்னு?"

வரிசையில் இருந்த மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். சொட்டு மருந்துக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் நம்பியதும் நான் எழுதியதைத்தான். இடுப்பிலிருந்த குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. அதன் குட்டிக் கால்கள் இரண்டும் அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தன. எனக்கு அண்ணனின் கால் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலை பாய் கடையிலிருந்தே ஆசிரியர் குழுவுக்குப் போன் போட்டேன். கணக்கு தப்பு, திருத்தம் போடுங்கள் என்றேன். எதிர்முனையில் இருந்தவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகப் பேசினார். முதல் பக்கத்தில் வந்ததைத் தப்பு என்று போட்டால் பத்திரிகையின் பெயர் என்னாவது என்றார். வேண்டுமானால் காய்ச்சல் குறைந்து வருகிறது என்று ஒரு செய்தி எழுதி அனுப்பு, போட்டுவிடலாம் என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "கொறையல சார். நான் கூட்டி எழுதினேன். அத மறைக்க இன்னொரு பொய் எழுதச் சொல்றீங்களா?" என்று கத்திவிட்டேன். திருத்தம் வரும்வரை இனி ஒரு வரியும் அனுப்ப மாட்டேன் என்று போனை வைத்தேன். அந்தத் திருத்தம் கடைசிவரை அச்சில் வரவில்லை. நானும் அந்தப் பத்திரிகைக்கு அப்புறம் எழுதவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய், கடை வாசலில் எஸ்.டி.டி. கட்டணம் எழுதித் தொங்கவிட்டிருந்த கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தார். "பேப்பர்ல எடமில்லன்னா இதுல எழுதுக்கா. பஸ்ஸுக்கு நிக்கிறவன் பூரா படிப்பான்," என்றார்.

சனிக்கிழமை காலை மறுபடியும் அந்த நான்கு தெருக்களுக்கும் போனேன். இந்த முறை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினேன். யாருக்குக் காய்ச்சல், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், தறி எதனால் நின்றது என்று கேட்டேன். அண்ணன் தானும் வருகிறேன் என்றார். வெயிலில் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நோட்டைத் தானே வாங்கிக்கொண்டார். சில வீடுகளில் திட்டினார்கள். இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுத் திட்டினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியவள்தானே. மதியத்துக்குள் முடித்துவிட்டோம். உண்மையான எண்ணிக்கை நான் எழுதியதில் பாதியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு அச்சு போன்ற கையெழுத்து. பலகையின் உச்சியில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். "வியாழக்கிழமை பேப்பரில் வந்த கணக்கு தப்பு. எழுதியவள் நான்தான்," என்று எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே தெருவாரியாக, தறி வாரியாக இல்லாமல் ஆள் வாரியாக, புதுக் கணக்கு. கையில் சாக்பீஸ் தூளோடு அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மொதப் பக்கத்தவிட இதுதாம்மா நல்லா இருக்குது," என்றார். அந்தப் பேருந்து நிலையப் புழுதியில் நின்று நான் அழுதுவிட்டேன்.

பலகையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. கவர்மெண்ட் ஆள் ஆகிவிட்டாள் என்றான் ஒருவன். பயந்துவிட்டாள் என்றான் இன்னொருவன். ஏனாத்தூர் பஸ்ஸுக்கு நின்ற காலேஜ் பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். அப்போது ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எங்க வூட்ல ரெண்டு பேரு பட்த்துக்கினு இருக்காங்க. ஒண்ணுதான் வந்துக்குது. ஏத்தும்மா," என்று அதட்டினார். அண்ணன் அழித்து ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து, தன் மாமியார் எழுந்து நடக்கிறார், அவரை எடுத்துவிடு என்றாள். எடுத்தோம். சாயங்காலத்துக்குள் அந்தப் பலகை அழிந்து அழிந்து வெள்ளையாகிவிட்டது. எந்த ஆபீஸ் மேசையிலிருந்தும் வராத ஒரு கணக்கை என் ஊர் தன் வாயாலேயே சொல்லித் திருத்திக்கொண்டது. பெருமை என்றால் அன்று எனக்கு இருந்ததுதான் பெருமை.

ரேஷன் கடையில் என் கையைப் பிடித்து இழுத்தவளும் வந்தாள். தன் தெருவின் வரியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு அண்ணனின் காலைப் பார்த்தாள். கேட்கலாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"அண்ணா, ஒனக்குச் சின்ன வயசுல சொட்டு மருந்து குடுக்கலியா?"

"அப்பல்லாம் நம்ம பக்கம் ஏதும்மா? வந்திருந்தா எங்கம்மா என்ன தூக்கிக்கினு ஓடிருப்பாங்க," என்றார் அண்ணன். அவள் தன் தெருவின் வரியை இன்னொரு முறை படித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூடத்துச் சொட்டு மருந்து முகாமில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். மற்ற தெருக்களிலிருந்து குழந்தைகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பின்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. அங்கன்வாடி அம்மா பட்டியலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தத் தெருவில் நாளை ஒரு பிள்ளை கையை முழங்காலில் ஊன்றி நடந்தால் அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி சுமாருக்கு அவள் கேட்டைத் தாண்டி வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் அவள் தெருவின் பெண்கள், ஆளுக்கொரு பிள்ளையோடு, சண்டைக்கு வருகிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விழுந்தது. அது முகத்தைச் சுளித்துவிட்டுச் சப்புக்கொட்டியது. சுண்டுவிரல் நகத்தில் மை வைத்தார்கள்.

திரும்பும்போது அவள் என் முன்னால் நின்றாள். குழந்தையின் விரலைப் பிடித்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நல்லா பாத்துக்கோக்கா. ஒண்ணு. ஒண்ணுன்னுதான் எண்ணணும், இன்னா?"