ஹேண்ட்லிங் சார்ஜ்

ரீடிங்குக்கு உட்காரத் தெரியாது.

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலைக்கு வந்து இருபத்தேழு வருஷம். வாசலில் நின்று "ரீடிங்!" என்று ஒரு சத்தம். கதவு திறப்பதற்குள் ஆள் பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய் மீட்டர் குழிக்கு மேல் குனிந்திருப்பார். அந்தச் சத்தமே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் சொந்தப் பெயருக்கு வேலை இல்லை.

அதற்கு முன்னால் ஒரு அச்சகத்தில் கணக்கெழுத உட்கார வைத்தார்கள். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தபால் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. சினிமாவுக்குப் போனாலும் கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றுதான் பார்ப்பார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவர் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அங்கிருந்த ஆறு மீட்டரையும் படித்துவிட்டு வந்தார். "பொண்ணு எத்தனை கிலோன்னு கேட்டா முழிக்கிறாரு. ஆஸ்பத்திரி எத்தனை லிட்டர்னு கேட்டிருந்தா டாண்ணு சொல்லியிருப்பாரு" என்று மனைவி இன்றைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிறாள்.

அந்த ஆளைத்தான் இப்போது உட்கார வைக்கப் பார்த்தார்கள். ஊருக்குள் புது மீட்டர் வந்துவிட்டது. அதுவே கணக்கை அனுப்பிவிடும், ஆள் போக வேண்டியதில்லை. இனி நேரில் போய்ப் பார்க்க வேண்டியது வெளிவட்டம் மட்டும்தான். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு மைல் இருக்கும், பஸ் கிடையாது. சொந்த வண்டி வைத்திருப்பவர் அங்கே போகலாம். இல்லாதவர் தலைமை அலுவலகத்தில் புகார் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். வண்டியின் பதிவுப் புத்தக நகலை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். ரீடிங்குக்கோ இருசக்கர வண்டியில் இரண்டு முறை விழுந்து வலது முழங்காலுக்குள் கம்பி ஏறியிருக்கிறது. மூன்றாவது தடவை என்னிடம் வராதீர்கள் என்று டாக்டரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ரீடிங் அந்தக் கவுன்ட்டரை ஒருநாள் போய்ப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி. நான்கு காலையும் தரையோடு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து தட்டில் கையை வைத்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கார் வாங்கிடலாம்" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். ஊசி முனையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஊழியர் சங்கத்தில் கடன் கிடைத்தது. வண்டியின் விலைக்கு மட்டும்தான் கடன். வரிக்கும் காப்பீட்டுக்கும் அவள் தைத்துச் சேர்த்தது போயிற்று. எல்லாம் போகக் கையில் மிஞ்சியது ஏழாயிரம். இருப்பதிலேயே சின்ன வண்டி, இருப்பதிலேயே மலிவான நிறம். சனிக்கிழமை காலை மூன்று பேர் ஷோரூமுக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் மச்சினன், மனைவியின் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இதுவரை நான்கு கார் வாங்கியவன், நான்கையும் விற்றவன்.

"மாமா, உள்ள போனதும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. ஆசையா ஒரு வண்டியையும் பாக்கக் கூடாது. நான் முறைக்கிற முறைப்புல அவங்களே குறைப்பாங்க."

"உன் முறைப்புக்கு உன் பொண்டாட்டியே பயப்படறதில்ல" என்றாள் அக்கா.

உள்ளே உட்காரச் சொன்ன சோபா முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுவான். எழுந்திருக்கக் கையை ஊன்ற இடமில்லை. ரீடிங் அதன் விளிம்பில் பாதி உட்கார்ந்து பாதி நின்றார். விற்பனைப் பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு ஒரு தாளை வைத்தாள். வண்டி விலை, வரி, காப்பீடு எல்லாம் பேசியபடியே இருந்தன. அதற்குக் கீழே யாரும் பேசாத மூன்று வரிகள் அச்சாகியிருந்தன. எசென்ஷியல் கிட், பதினோராயிரத்து எண்ணூறு. டாக்குமென்ட் சார்ஜ், நாலாயிரத்து இருநூற்றைம்பது. ஹேண்ட்லிங் சார்ஜ், பதினாலாயிரத்து ஐநூறு.

மச்சினன் முறைத்தான். அவள் சிரித்தாள்.

"இந்தக் கிட்டுல என்னம்மா இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"காலுக்கு மேட், ஸ்டியரிங் கவர், வண்டி மேல போத்தற உறை, அப்புறம் ஒரு சென்ட் பாட்டில் மேடம்."

"உறை நானே தைப்பேன். மேட் வீட்டுல நாலு கிடக்கு. சென்ட் இவருக்கு ஒத்துக்காது, தும்மல் வரும். எடுத்துடுங்க."

பெண் கொஞ்சம் தயங்கி முதல் வரியை எடுத்தாள். டாக்குமென்ட் சார்ஜை எடுக்க முடியாது என்று சாதித்தாள். சரி, அது கையில் இருப்பதற்குள் அடங்கும். மிஞ்சியது மூன்றாவது வரி.

"இது எதுக்கு?" என்றார் ரீடிங். வாயைத் திறக்கக் கூடாது என்றது மறந்துவிட்டது.

"அது எல்லாருக்கும் உண்டு சார்."

ரீடிங்குக்குக் காது சுட்டது. அது அவருடைய வாக்கியம். தண்ணீர் பில்லின் அடியில் நிலைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். இது எதுக்குய்யா என்று எந்த வீட்டில் கேட்டாலும், இருபத்தேழு வருஷமாக, மெஷினிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டே, அது எல்லாருக்கும் உண்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். எதற்கென்று அவருக்கும் தெரியாது. ஒரே ஒரு டீச்சரம்மா மட்டும் விடவில்லை. "எல்லாருக்கும் உண்டு, சரி. என்ன வேலைக்கு? அந்த வேலையை யார் செய்யறாங்க?" என்று கேட்டாள். ரீடிங் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு அந்த அம்மா பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துத்தான் போவார்.

"என்ன வேலைக்கும்மா?" என்றார் இப்போது.

"வண்டியை ஹேண்டில் பண்றதுக்கு சார். கம்பெனியிலேருந்து வந்து, இறக்கி, கழுவி..."

"யாரு பண்றாங்க?"

"பின்னாடி யார்டுல பசங்க."

அவள் மேனேஜர் அறைக்குப் போய் வந்து, பாதியாக்கித் தருவதாகச் சொன்னாள். ஏழாயிரத்து இருநூற்றைம்பது. டாக்குமென்ட் சார்ஜ் போகக் கையில் இருப்பதோ இரண்டாயிரத்துச் சில்லறை. மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். மச்சினன், கடையை இந்த மாதம்தான் பெயின்ட் அடித்தேன் என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

"நான் போய் அவங்களைப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார் ரீடிங்.

"யாரை சார்?"

அவர் அதற்குள் எழுந்துவிட்டார். கண்ணாடிக் கதவு, ஒரு நடை, சாப்பாட்டுப் பாத்திரங்கள் காயும் ஒரு திண்டு, இரும்புக் கதவு. யாரும் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு வேகமாக நடக்கிற ஆளை எந்தக் கட்டடத்திலும் யாரும் தடுப்பதில்லை. அவருக்கு அது பழக்கம்.

யார்டில் ஒரே ஒருவர் இருந்தார். ரப்பர் செருப்பு, முழங்கால் வரை மடித்த பேன்ட், கையில் ஹோஸ். வெள்ளைக் கார் ஒன்றின் மேல் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"வண்டியை ஹேண்டில் பண்றது நீங்கதானா?"

"கையால தொடறது நான்தான் சார்."

"ஒரு வண்டிக்குப் பதினாலாயிரத்து ஐநூறு வாங்கறாங்க."

அவர் ஹோஸை இறக்கினார். "எனக்கு மாசச் சம்பளம் சார். அதுல பாதிகூட இல்ல. ஒரு ஜோடி கையுறை கேட்டு மூணு மாசமாச்சு." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். ஊறி வெளுத்து, சோப்பு தின்ற கை.

ரீடிங் கையைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷம், மீட்டரைத் தேடினார். மூலையில் ஒரு பழைய டயர் கிடந்தது. காலால் தள்ளினார். கீழே இரும்பு மூடி. தூக்கி, குனிந்து, சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தார். புது மீட்டர்தான். எண் அசையவில்லை. திரும்பி ஹோஸைப் பார்த்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி மீட்டரைப் பார்த்தார். அசையவில்லை. மீட்டருக்கு ஒரு சாண் முன்னாலேயே குழாயைப் பிரித்து, சுவரோடு ஒட்டி, அதே நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொண்டுபோயிருந்தார்கள். சுத்தமான வேலை.

"தண்ணி ஓடுது. இது ஓடலையே?"

"அது எப்பவுமே ஓடாது சார்" என்றார் கழுவுகிறவர், வெள்ளந்தியாக.

இரும்புக் கதவு திறந்தது. மேனேஜர் வந்தார். வேகமாக வந்தவர், டயர் கிடந்த இடத்தையும் மூடி திறந்திருப்பதையும் பார்த்ததும் மெதுவாக நடந்தார். அவர் கையில் ரீடிங்கின் கடன் தாள் இருந்தது. அதன் தலையில் வாரியத்தின் முத்திரை.

"சார் தண்ணீர் வாரியத்துலயா? முதல்லயே சொல்லக் கூடாதா? உங்களுக்கு இந்த ஹேண்ட்லிங் எல்லாம் நாங்க போடறதே இல்ல சார். அந்தப் பொண்ணு புதுசு."

"பாதின்னு சொன்னீங்க."

"முழுசும் எடுத்தாச்சு சார்." தாளைத் தொடையில் வைத்து அங்கேயே அந்த வரியை அடித்துக் கையெழுத்தும் போட்டார். குழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரீடிங்கும் பேசவில்லை. பேசாமல் நின்ற அந்த இரண்டு நிமிஷம்தான் பிற்பாடு அவரைப் போட்டு உலுக்கியது.

"அடிச்ச தாள் வேண்டாம். புதுசா பிரின்ட் போட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே மச்சினன் தொடையைத் தட்டினான். "பாத்தியா அக்கா? நான் கடைசியா ஒரு முறை முறைச்சேன் பாரு!" மனைவி ரீடிங்கைப் பார்த்தாள். அவர் முகம் கஞ்சி போட்டது போலிருந்தது. கையெழுத்துகள் ஆயின. தற்காலிக நம்பர் ஒட்டினார்கள். பதிவுப் புத்தகம் ஒரு வாரத்தில் வரும், ஷோரூமே வாங்கித் தரும் என்றார்கள். மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்று தெரு தாண்டியிருக்கும். ரீடிங் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்ன மாமா, அதுக்குள்ள சூடாயிடுச்சா?"

குழாயைப் பற்றிச் சொன்னார். நான்கே வாக்கியம்.

"அப்ப நீங்க கேட்டதுக்காக அவன் குறைக்கலையா?" என்றாள் மனைவி. அவளுக்கு அதுதான் முதலில் வலித்தது.

"பாதி நான் கேட்டதுக்கு. மீதி நான் பாத்ததுக்கு."

"எதுக்கா இருந்தா என்ன மாமா? குறைஞ்சுதா இல்லையா? கமுக்கமா இருங்க" என்றான் மச்சினன். "பதிவுப் பேப்பர் அவன் மேசையில இருக்கு. நீங்க எழுதிப் போட்டா அவன் பத்து நாள் இழுத்தடிப்பான். மாசம் முடிஞ்சுடும். அப்புறம் கவுன்ட்டர்தான். கடன் மட்டும் கட்டிக்கிட்டு வண்டியை வாசல்ல நிறுத்திப் பாத்துக்கிட்டிருங்க."

ரீடிங் வெளியே இறங்கினார். முன் சக்கரம் வரை போனார், திரும்பினார், பின் சக்கரம் வரை போனார். ஒரு நாய் அவரோடு இரண்டு தடவை நடந்துவிட்டு விலகிப் போயிற்று. மனைவி கண்ணாடியை இறக்கினாள். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் இரண்டு முறை பின் கண்ணாடி இறங்கியது.

"அந்த மீதியைத் திருப்பிக் குடுத்துடலாமாங்க? இந்த வாரம் ரெண்டு டஜன் உருப்படி முடிச்சா..."

"எதுக்குக் குடுக்கணும்?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "கழுவறவன் கையில ஒரு உறை இல்ல. செய்யாத வேலைக்குக் கேட்ட காசு அது. அதை நாம குடுக்காதது சரி. குழாய் வேற விஷயம். குழாய் என் வேலை."

"அப்ப என்னைத் திட்டாம, வேலையைப் பாருங்க."

அவர் கண் கலங்கியது போலத்தான் இருந்தது, ஆனால் உடனே பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்து காரின் பானெட் மேல் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். இடம், மீட்டர் எண், கண்டது. எப்போதும் எழுதுகிற எழுத்துதான். "தேதி போட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். போடவில்லை. போட்டார்.

வாரிய அலுவலகம் சனிக்கிழமை மத்தியானம் மூடியிருந்தது. வாசல் சுவரில் தபால் பெட்டி. தாளை மடித்து உள்ளே விட்டார். பாதியில் சிக்கியது. விரலால் குத்தித் தள்ளினார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

போன் அடித்தது. ஷோரூம். மச்சினன் காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, எடுக்காதீங்க என்று கையை ஆட்டினான்.

எடுத்தார். விற்பனைப் பெண்தான். "சார், வண்டி எப்படி இருக்கு சார்? எங்க சேவைக்கு ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு மார்க் சொல்லுங்க சார். கம்பெனிக்கு அனுப்பணும்."

"பதிவுப் பேப்பர் எப்பம்மா வரும்?"

"மேனேஜர் கையெழுத்துப் போட்டா வெள்ளிக்கிழமை சார்."

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். எழுதிக்கறியா?"

"சொல்லுங்க சார்."

"டயர் கிடந்த இடத்துல இருக்கிற மீட்டர் பத்தி நான் அறிக்கை குடுத்துட்டேன்னு சொல்லு. வேற யார் மூலமாவும் தெரிய வேண்டாம், நானே சொன்னேன்னு சொல்லு. திங்கக்கிழமை ஆள் வருவாங்க."

அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. டயர், மீட்டர், திங்கக்கிழமை என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

"எழுதிக்கிட்டேன் சார். அப்ப மார்க் எத்தனை போடட்டும்?"