அக்கரைக் குறியீடு

இது நடந்தது. நம்பாதவர்களுக்குக் காட்ட, அழைப்பு நேரங்கள் றிஸ்னாவின் கைபேசியில் இன்றும் அழியாமல் இருக்கின்றன.

ஏறாவூர் றிஸ்னா, இரத்தம் கொடுப்பவர்களைத் தேடித் தரும் இணையப் பக்கமொன்றை நடத்துகிறாள். ஆஸ்பத்திரியின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால், அதே குறியீட்டில் பதிந்தவர்களின் பெயர்கள் மட்டுமே வரும். அடுத்த தெரு வேறு குறியீடாக இருந்தால் வராது. அதனால் போன மார்கழியில், எந்தக் குறியீட்டுக்கு எது அயல் என்று வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். எல்லை தொட்டால் அயல். மட்டக்களப்பு வாவி அந்தப் படத்தில் ஒரு நீலப் பட்டை. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டும் தொட்டுக்கொண்டு கிடந்தன. சேர்த்துவிட்டாள்.

நான்காம் நாள் வெள்ளம் வந்தது.

பிற்பகல் 3.58. எழுவான்கரை ஆஸ்பத்திரியொன்றிலிருந்து நிலோஜன் என்பவன் அழைத்தான். மனைவி அஜந்தாவுக்குப் பிள்ளை பிறந்து, இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருந்த ஒரு பையும் ஏற்றியாகிவிட்டது. பட்டணத்து வீதி தண்ணீருக்குள்.

“அக்கா, ஆரையாவது பிடிச்சுத் தாங்க. கூடினா ரெண்டு மணித்தியாலம் எண்டுறார் டொக்டர்.”

தேடினாள். அதே குறியீட்டில் ஒருவருமில்லை. அயலில் ஒரே ஒரு பெயர். படுவான்கரைச் சீனித்தம்பி, வயது ஐம்பத்திரண்டு. தூரம் நான்கு கிலோமீற்றர்.

4.12. சீனித்தம்பியை அழைத்தாள். “ஓம் மகள், வாறன். மனிசிட்ட மாடு பார்க்கப் போறன் எண்டுதான் சொல்லோணும். இல்லாட்டி இந்த மழைக்குள்ள விடமாட்டாள்.” சிரித்துக்கொண்டே வைத்தார்.

4.50. அவர் எடுக்கவில்லை.

4.58. எடுக்கவில்லை. நிலோஜன் அழைத்தான். “ஒருத்தரும் வரல்ல அக்கா. அவள் கண்ணத் திறக்கிறாளில்ல.”

அப்போதுதான் றிஸ்னாவுக்கு உறைத்தது. அந்த நான்கு கிலோமீற்றர் நேர்கோடு. நடுவில் வாவி. வீதியால் சுற்றினால் நாற்பது. வீதியும் இல்லை. அந்த மனிதர் தோணியில் புறப்பட்டிருக்க வேண்டும்.

5.09. மீண்டும் அழைத்தாள். மணி அடிக்கவே இல்லை. உடனே எடுபட்டது.

க்ளக்... க்ளக்... தண்ணீர்ச் சத்தம்.

திரும்பிப் போங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அஜந்தாவை நினைத்தாள்.

சொல்லவில்லை.

“கிட்ட வந்திட்டன் மகள்.”

அந்தக் குரலில் மூச்சின் சத்தம் இல்லை.

பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சீனித்தம்பியின் குறியீடு மாறியிருந்தது. ஆஸ்பத்திரியின் குறியீடு. அதை மாற்ற அவளைத் தவிர ஒருவராலும் முடியாது.

தூரம்... பூச்சியம்.

5.31. நிலோஜன்.

“வந்திட்டார் அக்கா. நனைஞ்சு ஊத்துது. ஒரு கதையுமில்ல. நேரே போய்க் கையை நீட்டிப் படுத்திட்டார். கை ஐஸ் மாதிரிக் கிடக்காம், நேர்ஸ் மிஸ் சொல்றா.”

அஜந்தா பிழைத்தாள்.

மறுநாள் காலை 8.20. நன்றி சொல்ல றிஸ்னா அழைத்தாள். அவருடைய கைபேசி வேலை செய்யவில்லை. பதிவிலிருந்த வீட்டு எண்ணை எடுத்தவர் அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை. பின்னால் அழுகைச் சத்தம்.

“தோணி கவிண்டுட்டுது புள்ள. கூடப் போனவர் நீந்திக் கரையேறிட்டார். அஞ்சு மணிக்கு முன்னமே இவர் தாழ்ந்தத அவர் கண்ணால கண்டவர். எங்கட கரையில, தண்ணிக்குள்ள நிக்கிற கண்ணா மரத்து வேருக்குள்ள கிடந்தவர இப்பதான் எடுத்தாங்க.”

றிஸ்னா நேற்றைய அழைப்பு நேரங்களைத் திரும்பப் பார்த்தாள்: 5.09, 5.31.

“மறுகா ஒண்டு கேட்கிறன் புள்ள. அவர்ர முழங்கை மடிப்பில பஞ்சு வெச்சு பிளாஸ்டர் ஒட்டியிருக்கு. ஆர் ஒட்டின?”